கலம்காரித் துணியைப் பார்சல் கட்டுவது எப்படி?

காளஹஸ்தி சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வாயுலிங்கக் கோயிலால் இந்த ஊர் பெயர் பெற்றது. கலம்காரித் துணியாலும் பெயர் பெற்றது.

'கலம்' என்றால் பேனா. 'காரி' என்றால் வேலை. இவை பாரசீகச் சொற்கள். மசூலிப்பட்டினம் பக்கத்தில் மர அச்சால் துணியில் படம் பதிக்கிறார்கள். காளஹஸ்தியில் கையால் வரைகிறார்கள். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளியைச் சுற்றி நூலால் கட்டுவார்கள். அதுதான் பேனா.

ஒரு காலத்தில் இந்தத் தொழில் நலிந்து போயிருந்தது. 1950களில் அரசு இங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. தொழில் மீண்டும் தழைத்தது. இந்த ஊர்க் கலைஞர் ஜே. குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று வெளியூர்க்காரர்களும் துணி கேட்டு எழுதுகிறார்கள். தபாலில் துணி போகிறது.

ஒரு துணியை முடிக்கப் பல நாட்கள் ஆகும். பெரிய படமானால் வாரக்கணக்கில் ஆகும். பார்சல் சரியாக இல்லாவிட்டால் அந்த உழைப்பு வழியிலேயே வீணாகிவிடும். வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. கட்டி அனுப்பவும் தெரிய வேண்டும்.

அம்மாவும் மகளும்

ஒரு வீட்டில் அம்மா கலம்காரி வரைபவர். மகள் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். சேலையைக் காகிதத்தில் சுற்றினாள். காகிதம் பிரியாமல் இருக்க ஸ்டேப்ளர் பின் அடிக்கப் போனாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"பின் வேண்டாம்மா. அது இரும்பு."

"சின்னப் பின்தானே அம்மா? அது என்ன செய்யும்?"

"நாம் கறுப்பு மசி எப்படிச் செய்கிறோம்?"

"துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப் போடுகிறோம். மூன்று வாரம் புளிக்க வைக்கிறோம்."

"காடாத் துணியை முதலில் எதில் நனைக்கிறோம்?"

"கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணீரில்."

"கடுக்காய் ஏறிய துணியில் இரும்புத் தண்ணீர் பட்டால்?"

மகள் கையில் இருந்த பின்னைப் பார்த்தாள். "கறுத்துப் போகும்" என்றாள்.

"போன மழைக்காலத்தில் ஒரு சேலை திரும்பி வந்ததே, நினைவிருக்கிறதா? முந்தானையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பார்சல் நனைந்தது. உள்ளே இருந்த குண்டூசி துருப்பிடித்தது. எவ்வளவு துவைத்தும் போகவில்லை. பாதி விலைக்குத்தான் கொடுத்தோம். நூல்காரருக்கும் துணிக்காரருக்கும் கொடுத்தது போக, கையில் ஒன்றும் நிற்கவில்லை."

மகள் பின்னைப் பெட்டியில் போட்டு மூடினாள். பருத்தி நூலை எடுத்துக் கட்டினாள்.

நண்பனே பகைவன்

அம்மா சொன்னதை நன்றாக யோசித்துப் பாருங்கள். கலம்காரிக்கு இரும்பு வேண்டும். அதுதான் கறுப்புக் கோடு தருகிறது. தண்ணீர் வேண்டும். ஓடும் தண்ணீரில் அலசினால்தான் துணி சுத்தமாகும். வெயில் வேண்டும். வெயிலில்தான் துணி வெளுக்கும்.

வேலை முடிந்த பிறகு இந்த மூன்றும் பகை ஆகிவிடும். இரும்பு கறை போடும். தண்ணீர் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். வெயில் சாயத்தை மங்க வைக்கும். ஆகவே பார்சல் கட்டுபவர் இந்த மூன்றையும் துணியிடம் நெருங்க விடக் கூடாது.

கட்டும் முறை

1. துணியை நிழலில் நன்றாகக் காய வையுங்கள். தொட்டுப் பார்த்தால் மட்டும் ஈரம் தெரியாது. துணியை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். உறையின் உள்பக்கம் நீர் முத்து இருந்தால் துணி காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதை மறக்கக் கூடாது.

2. துணியை விரித்துக் கறை, கிழிசல் உண்டா என்று பாருங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு தகராறு வந்தால் அது சாட்சி.

3. சேலை, துப்பட்டாவை மடிக்கலாம். மடிப்புக்கு நடுவே வெள்ளை மல் துணியோ வெள்ளைக் காகிதமோ வையுங்கள். மேலே கனம் ஏற்றி அழுத்தக் கூடாது. சுவரில் மாட்டும் பெரிய படத்தை மடிக்காதீர்கள். மடித்தால் கோடு விழும். தடித்த அட்டைக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் படத்தைச் சுருட்டுங்கள்.

4. செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அச்சு மை துணியில் ஒட்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கம்பி எதுவும் வேண்டாம்.

5. முதலில் வெள்ளைத் துணி உறை. அதற்கு வெளியே பாலித்தீன் உறை. பாலித்தீன் மழையைத் தடுக்கும். அது துணியின்மேல் நேராகப் படக் கூடாது.

6. கெட்டியான அட்டைப்பெட்டியில் வையுங்கள். காலி இடத்தில் கசக்கிய காகிதம் அடையுங்கள். மூடிய பிறகு பெட்டியை ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. எல்லா ஓரங்களிலும் அகலமான டேப் ஒட்டுங்கள்.

7. உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். "கத்தியை ஆழமாக இறக்க வேண்டாம். நிழலில் உலர்த்தவும்" என்று எழுதுங்கள். துணி பிரிக்கும்போது கிழியாமல் இருக்க இது உதவும்.

முகவரியும் ரசீதும்

பெறுநர் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அனுப்புநர் முகவரியையும் எழுதுங்கள். பார்சல் திரும்பி வந்தால் அதுதான் வழிகாட்டும். எழுத்து நனைந்தால் அழியும். மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். முகவரியின் நகல் ஒன்றைப் பெட்டிக்கு உள்ளேயும் போடுங்கள்.

பின்கோடு ஆறு எண்கள் கொண்டது. 1972 ஆகஸ்டு 15 முதல் நம் நாட்டில் இருக்கிறது. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடக ஊர்களுக்கு முதல் எண் 5. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் முதல் எண் 6. சென்னைக்குப் போகும் பார்சலில் 5 என்று தொடங்கினால் எங்கோ தவறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வேறு யாராவது முகவரி எழுதித் தந்தாலும் நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். ஓர் எண் மாறினால் பார்சல் வேறு ஊருக்குப் போகும்.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் ரசீது தருவார்கள். அதில் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது எண்கள், கடைசியில் ஐ.என். என்ற இரண்டு எழுத்து. பார்சல் எங்கே இருக்கிறது என்று இதைக் கொண்டு அறியலாம். துணி சேர்ந்த செய்தி வரும் வரை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விலை கூடிய துணி என்றால் காப்பீடு பற்றித் தபால் நிலையத்தில் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

நினைவில் வைப்போம்

இரும்பு படாதே! ஈரம் படாதே! வெயில் படாதே!

விடை சொல்லுங்கள்

1. ஸ்டேப்ளர் பின் கலம்காரித் துணியில் ஏன் கறுப்புக் கறை போடுகிறது?
2. துணி காய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
3. வெள்ளைத் துணி உறை உள்ளேயா, வெளியேயா? ஏன்?
4. உங்கள் வீட்டு முகவரியைப் பின்கோடுடன் எழுதுங்கள்.
5. உங்கள் ஊரில் என்ன பொருள் செய்கிறார்கள்? அதை வெளியூருக்கு அனுப்பினால் எதனால் கெடும்? குழுவில் பேசுங்கள்.