பழைய யூசர் அக்கவுண்ட்டிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி?

விண்டோஸில் ஸ்டார்ட் மெனு திறக்க மறுக்கிறதா? மாற்றிய செட்டிங்குகள் தங்குவதில்லையா? உங்கள் யூசர் புரொஃபைல் பழுதாகியிருக்கலாம். உடனே விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். புதிய அக்கவுண்ட்டுக்கு மாறிப் பாருங்கள். விண்டோஸ் 11ல் வழி இதோ.

1. பழைய அக்கவுண்ட்டில் இருக்கும்போதே குரோம் பிரவுசரின் புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவில் வையுங்கள். பாஸ்வேர்டுகள் பழைய அக்கவுண்ட்டுடன் பூட்டப்பட்டவை. போல்டரை காப்பி செய்தால் மட்டும் வராது. இந்த பைலை யாரும் படிக்கலாம் என்பதால் இம்போர்ட் செய்ததும் அழித்து விடுங்கள்.

2. விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட் வழியாகப் புதிய அக்கவுண்ட் உருவாக்கி, அதனை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றுங்கள்.

3. புதிய அக்கவுண்ட்டில் நுழையுங்கள். சி டிரைவின் யூசர்ஸ் போல்டரில் பழைய அக்கவுண்ட்டின் போல்டரைத் திறந்து, அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள்.

4. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் ஆகியவற்றில் உள்ள பைல்களைப் புதிய அக்கவுண்ட்டின் அதே போல்டர்களுக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள்.

மறைந்திருக்கும் என்டியூசர்.டாட் என்ற பைலை மட்டும் தொடாதீர்கள். பழைய அக்கவுண்ட்டின் ரெஜிஸ்ட்ரி செட்டிங்குகள் அதில்தான் உள்ளன. அதைக் கொண்டு வந்தால் பழைய கோளாறும் கூடவே வந்துவிடலாம். வால்பேப்பர் போன்றவற்றைப் புதிதாக அமைத்துக் கொள்ளுங்கள்.

பழைய அக்கவுண்ட்டை உடனே நீக்க வேண்டாம். நீக்கும்போது அதிலுள்ள பைல்களும் அழிந்துவிடும். சில வாரங்கள் பயன்படுத்தி, எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பின் நீக்குங்கள்.