நங்கூரம் எங்கே போடுவது? ஒரு வெக்டர் பாடம்

இந்த தடவை பாய்மரப் படகு. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் யாரும் இதைக் கேட்கப் போறதில்லை. ஆனா எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ரெண்டுக்கும் ஒரே ராத்திரியில் எக்ஸாம் வைக்கிற இடம் ஒன்னு இருக்குன்னா, அது நங்கூரம் போட்டு நிக்கிற படகுதான்.

சின்ன பாய்மரப் படகையே வீடாக்கிக்கிட்டு நாடு நாடாகப் போறவங்க இருக்காங்க. அவங்க எல்லா ராத்திரியும் துறைமுகத்தில் கட்டுறதில்லை. கரையோரம் வளைஞ்சு உள்வாங்கின ஒரு இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டுத் தூங்கிடுவாங்க. மேப்பில் பார்த்தா இப்படி வளைஞ்ச இடம் எல்லாமே பாதுகாப்பாகத்தான் தெரியும். பிரச்சினையே அங்கேதான்.

மெக்சிகோவில் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் தென்முனையில் காபோ சான் லூகாஸ் இருக்கு. குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலும் வடமேற்குக் காற்று. அந்தப் பக்கம் நிலம் மறைச்சு நிக்கிறதால வளைகுடா அமைதியா இருக்கும். 1982 டிசம்பர் 8 அன்னைக்கு வந்த புயலில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிச்சது. வளைகுடா திறந்து கிடக்கிற பக்கமே அதுதான். இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் தூக்கி வீசப்பட்டன.

அதில் ஒன்னு 'ஜோஷுவா'. பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியேவின் இரும்புப் படகு. 1968-69 கோல்டன் குளோப் பந்தயத்தில் தனி ஆளாக, எங்கேயும் நிக்காம உலகத்தைச் சுத்திட்டு, பந்தயத்தை முடிக்க இங்கிலாந்து திரும்பாம அப்படியே தாஹிட்டிக்குப் போனாரே, அவர்தான். தென்கடலின் அலைகளைத் தாங்கின படகு, கரைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்ன இடத்தில் போய் மாட்டிக்கிச்சு.

ஏன்னு பார்ப்போம். அலை எவ்வளவு பெருசாகும்ங்கிறது மூணு விஷயத்தைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது அடிக்கிற நேரம், தடை இல்லாம ஓட அதுக்குக் கிடைக்கிற தண்ணீர்ப் பரப்பின் நீளம். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பேர் ஃபெட்ச். வடமேற்குக் காற்றுக்கு அந்த வளைகுடாவில் ஃபெட்ச் ரொம்பக் கம்மி. தென்கிழக்குக் காற்றுக்கு முழுக் கடலும் ஃபெட்ச். வர்ற அலை ஆழம் குறையக் குறைய வேகம் குறைஞ்சு, நெருங்கி, செங்குத்தாகி உடையும். அந்த இடத்தில் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே கடல் சரசரன்னு ஆழமாகிடும். அதனால எல்லாரும் ஆழமில்லாத குறுகலான பட்டையில், கரையை ஒட்டி நெருக்கியடிச்சு நின்னாங்க. ஒரு படகு நங்கூரத்தோட இழுபட ஆரம்பிச்சா பக்கத்துப் படகின் கயிற்றையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

அதனால "இந்த இடம் பாதுகாப்பா?"ன்னு கேட்டா அது பாதிக் கேள்விதான். "எந்தத் திசைக் காற்றுக்குப் பாதுகாப்பு?"ன்னு கேக்கணும். பாதுகாப்பு ஸ்கேலர் இல்லைங்க, வெக்டர். நம்ம பாம்பன் பக்க மீனவர்களுக்கு இதை யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அமைதியா இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே உல்டா. சீசனுக்கு ஏத்த மாதிரி அவங்க பக்கம் மாறிடுவாங்க.

சார்ட்டைத் திறந்ததும், இப்ப இருக்கிற காற்றை மட்டும் பார்க்காதீங்க. வானிலை அறிக்கைப்படி ராத்திரி எந்தத் திசைக்கு மாறப்போகுதுன்னு பார்த்து, அந்தத் திசையில் நிலம் இருக்கான்னு பாருங்க. இன்னொன்னு, காற்று மறைஞ்சா அலையும் மறையும்னு நம்பாதீங்க. தூரத்துப் புயலிலிருந்து வர்ற நீண்ட அலை, ஆழம் மாறும்போது லென்ஸில் ஒளி வளையுற மாதிரி முனையைச் சுத்தி வளைஞ்சு உள்ளே வந்துடும். காற்றே இல்லாத ராத்திரியில் படகு தொட்டில் மாதிரி ஆடி தூக்கத்தைக் கெடுக்கிறது இதனாலதான். செங்குத்தான மலை இருந்தா நல்ல மறைப்புன்னு தோணும். ஆனா மலை உச்சியிலிருந்து காற்று திடீர் திடீர்னு கீழே விழுந்து அடிக்கும். தாழ்வான மணல் திட்டு அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது தரை. மணலும் களிமண்ணும் நங்கூரத்தை நல்லாப் பிடிக்கும். பாறையும் கடல்புல்லும் நம்ப முடியாத பார்ட்டி.

கயிறு எவ்வளவு விடணும்? இது நம்ம ஏரியா. நங்கூரத்தைப் படுக்கைவாக்கில் இழுத்தா மண்ணுக்குள்ளே புதையும், மேல்நோக்கி இழுத்தா பிடுங்கிக்கும். தண்ணீர் ஆழம் 4 மீட்டர், படகின் மூக்கு தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரம், ஓதத்தில் தண்ணீர் இன்னும் 1 மீட்டர் ஏறும்னு வைங்க. கணக்குக்கு உயரம் 6 மீட்டர், வெறும் 4 இல்லை. கயிறுன்னா பொதுவாக 7 மடங்கு, அதாவது 42 மீட்டர். முழுக்கச் சங்கிலின்னா 5 மடங்கு, 30 மீட்டர். கயிறு நேர்க்கோடா விறைச்சு நின்னாலும் 7 மடங்கில் தரையோட கோணம் சுமார் 8 டிகிரிதான். சோம்பேறித்தனமா 3 மடங்கு விட்டா கிட்டத்தட்ட 19 டிகிரி. சங்கிலி கனத்தால தொய்ஞ்சு இழுப்பைப் படுக்கையா வெச்சிருக்கும், ஆனா பலமான காற்றில் அதுவும் விறைச்சுடும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 15 நாட் காற்று 45 நாட் ஆனா விசை 3 மடங்கு இல்லை, 9 மடங்கு. அதனால சங்கிலியோட ஒரு நைலான் கயிற்றைச் சேர்த்துக் கட்டுவாங்க. ஸ்பிரிங் மாதிரி நீண்டு வெட்டி இழுப்பை வாங்கிக்கும்.

42 மீட்டர் கயிறு விட்டா, காற்று திரும்பும்போது படகு அவ்வளவு பெரிய வட்டம் போடும். அந்த வட்டத்துக்குள்ளே பக்கத்துப் படகும் இருக்கக் கூடாது, பாறையும் இருக்கக் கூடாது. இடம் இல்லைன்னா இருட்டுறதுக்கு முன்னாடியே வேற இடம் தேடுங்க.

எல்லாம் சரியா இருந்தாலும் ரெண்டு வேலை பாக்கி. கரையில் ஒன்னுக்குப் பின்னால ஒன்னா நேர்க்கோட்டில் தெரியுற ரெண்டு பொருளைப் படகின் பக்கவாட்டில் குறிச்சு வெச்சுக்கோங்க. காற்று திரும்பாமலே அந்தக் கோடு விலகிக்கிட்டே போச்சுன்னா நங்கூரம் இழுபடுதுன்னு அர்த்தம். அப்புறம், வெளிச்சம் இருக்கும்போதே திறந்த கடலுக்குப் போற வழியின் திசைகாட்டிக் கோணத்தை எழுதி வைங்க. காற்று திறந்த பக்கத்துக்குத் திரும்ப ஆரம்பிச்சா, நடு ராத்திரின்னாலும் அந்தக் கோணத்தில் வெளியே போயிடணும். நங்கூரத்தை ஏத்த நேரமில்லைன்னா கயிற்றின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டி விட்டுட்டுக் கிளம்புங்க, மிதவையைத் தேடி மறுநாள் வந்து எடுத்துக்கலாம்.