மருந்து குணமாக்குகிறதா, அல்லாஹ் குணமாக்குகிறானா?

 

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் குடும்பங்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் ஒரு பக்கம். "ஒரு நாள் முந்திக் கொண்டுபோயிருந்தால் வாப்பா பிழைத்திருப்பார்" என்று வருடக்கணக்கில் தங்களையே நொந்துகொள்பவர்கள் மறுபக்கம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு காரியம் நடப்பது அதன் காரணத்தாலா, அல்லாஹ்வின் நாட்டத்தாலா? நம் முன்னோர்களான அறிஞர்கள் இதை ஆழமாக விவாதித்திருக்கிறார்கள்.

மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) போன்ற தத்துவ அறிஞர்கள், ஒவ்வொரு பொருளுக்கும் அல்லாஹ் ஓர் இயல்பைக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். நெருப்பின் இயல்பு சுடுவது. காரணம் முழுமையாக அமைந்துவிட்டால் காரியம் நடந்தே தீரும். காரணங்களின் சங்கிலி இறுதியில் அல்லாஹ்விடம் போய் முடிகிறது என்பது அவர்கள் கொள்கை.

அப்படியானால் இப்ராஹீம் நபி (அலை) அவர்களை நெருப்பு ஏன் சுடவில்லை? இந்த இடத்தில்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் குறுக்கிடுகிறார்கள். பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியராக இருந்தபோது, 1095-இல், 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்ற நூலை எழுதி முடித்தார்கள். அதில் 20 பிரச்சினைகள் பேசப்படுகின்றன. 17-ஆவது, காரண காரியம் பற்றியது.

அங்கே அவர்கள் சொல்லும் உதாரணம் பஞ்சும் நெருப்பும். வாதத்தின் சாரம் இது: நெருப்பு பட்டபோது பஞ்சு எரிந்தது; நாம் கண்டது அவ்வளவுதான். நெருப்பு பட்டதால்தான் எரிந்தது, வேறு வழியே இல்லை என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. 'போது' என்பதைத்தான் கண் பார்க்கிறது. 'ஆல்' என்பதை அது பார்க்கவில்லை. உயிரும் அறிவும் இல்லாத நெருப்பு தானாக எதையும் செய்ய முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படைப்பவன் அல்லாஹ். அது அவன் ஏற்படுத்திய வழமை, நாடினால் மாற்றுவான். அஷ்அரி இமாம்களின் வழியும் இதுவே.

இன்னொரு விடையையும் இமாமவர்கள் அதே இடத்தில் தருகிறார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. நெருப்புக்குச் சுடும் தன்மை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தன்மையையோ சுடப்படும் உடலின் நிலையையோ அல்லாஹ் மாற்றிவிடலாம் என்பது அந்த விடை.

சுமார் 85 ஆண்டுகளுக்குப் பிறகு, ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த காழியும் மருத்துவருமான இப்னு ருஷ்து (1126–1198) 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' என்ற நூலில் மறுப்பு எழுதினார். அறிவு என்பதே பொருள்களை அவற்றின் காரணங்களோடு அறிவதுதான். காரணத்தை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்றார். படைப்புகளில் ஒழுங்கான காரணங்கள் இல்லையென்றால், படைத்தவனின் ஞானத்தை எதைக்கொண்டு அறிவது என்றும் கேட்டார்.

இருவருமே மார்க்கத்தில் ஆழ்ந்த ஃபிக்ஹு அறிஞர்கள். ஒருவர் அல்லாஹ்வின் வல்லமை குறைத்துப் பேசப்படக் கூடாது என்று கவலைப்பட்டார். மற்றவர் அவனுடைய ஹிக்மத் மறைக்கப்படக் கூடாது என்று கவலைப்பட்டார். ஆனால் பஞ்சை நெருப்பருகே வைக்கலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

வழமையை மாற்ற அல்லாஹ்வால் முடியும் என்பது ஈமான். எனக்காக மாற்றுவான் என்று மாத்திரையை நிறுத்துவது வேறு. 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் தவக்குல் பகுதியில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே இதைத் தெளிவாக்குகிறார்கள். பசியோடு உணவுக்கு முன் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டாமல் இருப்பது தவக்குல் அல்ல, பைத்தியக்காரத்தனம் என்பது அவர்கள் கருத்து. காரணங்களை உறுதியானவை, பெரும்பாலும் பலிப்பவை, வெறும் ஊகமானவை என மூன்றாகப் பிரித்து, மருத்துவத்தை இரண்டாம் வகையில் வைத்தார்கள். மருந்து எடுப்பது தவக்குலுக்கு முரண் அல்ல என்றார்கள்.

அது அன்றைய மருத்துவம். இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டது 1922-இல்தான். அது இல்லாமல் உயிர் தரிக்க முடியாத பிள்ளைக்கு இன்று அது தாகத்துக்குத் தண்ணீர் போல, முதல் வகையையே சேரும் என்பது என் எண்ணம். உங்கள் நிலைமைக்கு என்ன சட்டம் என்பதை ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். நோயும் விதி, மருந்தும் விதி.

வாப்பாவை இழந்து தன்னை நொந்துகொள்ளும் பிள்ளைக்கும் இதில் ஆறுதல் இருக்கிறது. தெரிந்த அளவுக்கு, முடிந்த அளவுக்குக் காரணத்தைத் தேடியது உங்கள் கடமை. அதைச் செய்தீர்கள். முடிவு உங்கள் கையிலும் இல்லை, மருத்துவர் கையிலும் இல்லை.

ஆகவே, பிஸ்மில்லாஹ் சொல்லி மாத்திரையைப் போடுங்கள்; நேரம் தவறாமல் போடுங்கள். குணமானால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். மாத்திரை வாங்க வசதியில்லை என்றால் தயங்காமல் டிரஸ்டுக்கு வாருங்கள். அந்த உதவியும் அல்லாஹ் ஏற்படுத்திய ஒரு காரணம்தான். நோயுற்ற அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.