நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஆணிப்பலகையும் கணினித்திரையும்

சதுரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குச் சதுரம் விளங்கிவிடும் என்றும், மரத்துண்டுகளால் அலமாரியை நிரப்பிவிட்டால் க்ஷேத்திரகணிதம் தானே நடந்தேறிவிடும் என்றும் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மூன்றாம் வகுப்பொன்றில், வரிசையாக ஆணியடித்த பலகையில் ரப்பர் வளையத்தை மாட்டி அழகான சதுரம் அமைத்த சிறுமியிடம், ஒரு மூலை கீழே வரும்படி நான் பலகையைத் திருப்பிக் காட்டியபோது, "இப்போ இது டைமண்ட் சார்" என்று அவள் தயக்கமின்றிச் சொன்னாள். ஆணியும் பெயரவில்லை, வளையமும் பெயரவில்லை. பெயர் மட்டும் பெயர்ந்துவிட்டது! உருவத்தை அதன் குணங்களால் அறியாமல் முகச்சாயலால் அறியும் இந்த நிலையை, 1957-இல் டச்சு தேசத்து வான் ஹீலே தம்பதியர் தம் ஆராய்ச்சியில் முதற்படியாக வகுத்தார்கள். சிறுமியிடம் ஒரு நூலையும், மூலை பார்க்க ஓர் அஞ்சலட்டையையும் கொடுத்து, "எது மாறிற்று?" என்று கேட்டேன். அளந்தாள், பிறகு தன் தலையையே சாய்த்துப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பலகை மட்டும் இருந்து அந்தக் கேள்வி இல்லாதிருந்தால் டைமண்ட் டைமண்டாகவே இருந்திருக்கும்.

கணினி வந்தபின் காகிதமும் பலகையும் வீண் என்பது சற்றுப் பகட்டான நம்பிக்கை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ராவில், கண்ணளவாக வரைந்த சதுரம் மூலையைப் பிடித்து இழுத்தவுடன் உருக்குலைவதையும், சமநீளமும் செங்கோணமும் விதித்துக் கட்டிய சதுரம் எவ்வளவு பெருத்தாலும் சாய்ந்தாலும் சதுரமாகவே நிற்பதையும் பிள்ளைகள் பிரத்தியட்சமாகக் காணலாம். காகிதத்தால் ஆகாத காரியம் இது. ஆயினும் காகிதத்தில் மடிப்பு விழும்போது விரல் அறிவதைத் திரை அறிவிப்பதில்லை.

இத்தகைய சாதனங்களுக்குச் செலவு மிகும் என்ற ஆட்சேபத்துக்குச் சென்னையே சமாதானம் சொல்லும். கிண்டர்கார்ட்டன் குழந்தைகளுக்கான காகித மடிப்புச் சாதனத்தால் தூண்டப்பெற்றுச் சுந்தரராவ் என்பவர் எழுதி, 1893-இல் இந்நகரில் அச்சான நூலை, ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தம் விரிவுரைகளில் எடுத்துக்காட்டினார். பலகையால் ஆகாததும் காகித மடிப்பால் ஆகும்: சதுர வரிசை ஆணிப்பலகையில் எத்தனை ஆணி கூட்டினாலும் சமபக்க முக்கோணம் அமையாது. நூல் வைத்து அளந்தால் ஒரு பக்கம் சற்றே மிஞ்சும் அல்லது குறையும். அதையே ஒரு சதுரக் காகிதத்தை நடுவே நெடுக்காக மடித்துப் பிரித்து, அடிப்பக்கத்தின் இடது முனை நகராமல் வலது முனையைத் தூக்கி அந்த நடுக்கோட்டில் படியவைத்தால், முனை தொட்ட புள்ளியில் முக்கோணத்தின் உச்சி கிடைத்துவிடும்.