காற்று வடிகட்டி: செலவும் பயனும்

ஐதராபாத்தின் சைனிக்புரி போன்ற பகுதிகளில் கோடைத் தூசியிலிருந்து கார் எஞ்சினைக் காப்பது காற்று வடிகட்டியே. விலை கூடிய வடிகட்டியைப் பொருத்தினால் எஞ்சினின் ஆற்றல் பெருகுமா? ஆராய்வோம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. ஆயினும் நகர ஓட்டத்தில் காற்றின் அளவை வரையறுப்பது வடிகட்டியன்று. நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்குத் திறக்கும் த்ராட்டிலே. எனவே, தூய்மையான வடிகட்டியை நீக்கி வேறொன்றைப் பொருத்துவதால் உணரத்தக்க பயன் கிட்டுவது அரிது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடைபட்ட வடிகட்டிகூட நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜைக் குறைக்கவில்லை. வேகமெடுக்கும் திறனையே குறைத்தது.

திறந்த கூம்பு வடிகட்டியோ பானட்டுக்குள் உள்ள வெப்பக் காற்றை இழுக்கக்கூடும். காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறையும், ஆற்றலும் குறையும். நுண்தூசி உட்புகுந்தால் சிலிண்டர் தேயும்.

ஆகவே, தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதே சிக்கனம். வேறு மாற்றம் செய்ய விரும்பினால், உத்தரவாத விதிகளைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்போம். தெரிவிக்காத மாற்றம், இழப்பீடு கோரும் நாளில் இடையூறாகலாம்.