மீன்பிடிப் படகில் வயர்லெஸ் கருவி: தேர்வும் திருத்தமும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், குளத்தூர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பொழியூர்க் கடற்கரை அமைந்துள்ளது. அதனை ஒட்டித் தென்கிழக்கே உள்ள நீரோடி, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வகுக்கப்பெற்ற மாநில எல்லை இவ்விரு ஊர்களுக்கும் இடையே செல்கின்றது. கரையிலே எல்லை உண்டு. கடலிலே இரு ஊர் மக்களும் ஒரே நீரில்தான் வலை வீசுகின்றனர், ஒரே காற்றுக்குத்தான் அஞ்சுகின்றனர். பொழியூரின் சிறு வள்ளங்கள் கரையை அடுத்த கடலில் தொழில் செய்து மறுநாள் திரும்புவன. நீரோடி முதல் தூத்தூர் வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகளோ, சுறாவையும் சூரையையும் தேடிப் பல நூறு கடல் மைல் சென்று வாரக்கணக்கில் தங்குவன. இவ்விரு வகையினருக்கும் வயர்லெஸ் கருவி தேவை. ஆயினும் இருவருக்கும் ஒரே கருவி பொருந்தாது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் முற்பகலிலேயே குமரிக் கடலில் 'ஓக்கி' என்னும் புயலாக வலுப்பெற்றது. தாழ்வு மண்டலம் புயலாக மாற ஏறத்தாழ ஒரு நாளே ஆயிற்று. 29ஆம் நாள் மாலையில் கடலுக்குச் சென்ற வள்ளங்களும், பல நாள் முன்னரே சென்றுவிட்ட விசைப்படகுகளும் அப்புயலில் சிக்கின. திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பல குடும்பங்கள் தம் ஆண்மக்களை இழந்தன. எச்சரிக்கை முன்னரே வந்ததா, பிந்தி வந்ததா என்பது பற்றி அந்நாளில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் இறங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எச்சரிக்கை கரைக்கு வந்த பின்னர், அது கரையிலிருந்து படகுக்கு எவ்வாறு செல்லும், எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நாம் ஈண்டு ஆராயவேண்டுவது.

கள ஊழியரிடம் மீனவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட் செட்டு வாங்கலாம்?" என்பதாகும். கேள்வி இயல்பானதே. விளக்குக்கும் மோட்டாருக்கும் வாட்டைக் கொண்டே நாம் விலை பேசுகின்றோம். ஆனால் கடலில் பேசும் தூரத்தை முதலில் வரையறுப்பது வாட் அன்று, உயரமே.

படகுகளில் பயன்படும் கடல்சார் வி.எச்.எஃப். கருவி 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் இயங்குவது. இவ்வலைகள் ஏறக்குறைய ஒளியைப் போன்று நேர்கோட்டில் செல்வன. பூமி உருண்டையாதலின், சற்றுத் தொலைவில் கடற்பரப்பே அவற்றுக்குத் தடையாகின்றது. அலை செல்லும் எல்லையைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்றுண்டு. இரு ஏரியல்களின் உயரங்களையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, அவற்றைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். (அரசு அகராதிகளில் ஏரியலுக்கு 'அலைவாங்கி' என்ற சொல் உள்ளது. ஆயினும் அது வாங்குவதோடு வீசவும் செய்கின்றது. கடற்கரையில் யாவரும் ஏரியல் என்றே கூறுகின்றனர். இங்கும் அச்சொல்லே ஆளப்படுகின்றது.)

வள்ளத்தில் அமர்ந்து கையடக்கக் கருவியை நீரிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். 1இன் வர்க்கமூலம் 1. ஆகவே 4.12 × (1+1) = 8.2 கிலோமீட்டர், அதாவது நாலரைக் கடல் மைலுக்கும் சற்றுக் குறைவு. 4 மீட்டர் உயரத்தில் ஏரியல் கட்டிய இரு விசைப்படகுகளாயின் 16.5 கிலோமீட்டர். அவ்விரு ஏரியல்களையும் 9 மீட்டருக்கு உயர்த்தினால் 24.7 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தோடு 4 மீட்டர் ஏரியல் உடைய படகு பேசுவதாயின் 49 கிலோமீட்டர் வரை எட்டலாம். இவை கணக்கு கூறும் மேல் எல்லைகளாம். அலையும் ஆட்டமும் ஏரியலின் குறையும் சேர்ந்து நடைமுறையில் தூரத்தைக் குறைக்கும். வளிமண்டல நிலையால் சில நாட்களில் இவற்றைக் கடந்தும் குரல் கேட்பதுண்டு. அதை நம்பித் தொழிலுக்குச் செல்லலாகாது.

இக்கணக்கில் வாட் என்னும் சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க. 5 வாட் கையடக்கக் கருவியை விட்டு 25 வாட் கருவி வாங்குபவர், எல்லைக்குள் தெளிவான குரலைப் பெறுவார். காற்றிலும் மழையிலும் அதன் பயன் தெரியும். ஆனால் அதன் ஏரியலை எஞ்சின் அறையின் கூரைமேல் தாழக் கட்டினால் எல்லை நகராது. கோபுரம் உயர்ந்ததாயினும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள படகுக்குக் கரையின் குரல் வி.எச்.எஃப். வழியே எட்டுமென எதிர்பார்க்க இயலாது. ஓக்கியின்போது ஆழ்கடலில் இருந்த படகுகளின் நிலை இதுவே. அதனைப் பின்னர்க் காண்போம்.

கருவியைத் திருத்த விரும்புவோர் மேலிருந்து கீழாகச் செல்லவேண்டும். அதாவது ஏரியலில் தொடங்கி, கேபிளுக்கு வந்து, பாட்டரியைப் பார்த்து, கடைசியாகக் கருவியைத் தொடவேண்டும். பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்து பணத்தை வீணாக்குகின்றனர்.

ஏரியலை வாங்கும்போது கடைக்காரர் 3 டெசிபெல், 6 டெசிபெல், 9 டெசிபெல் என்று கூறுவார். எண் பெரிதானால் நல்லதென்று தோன்றும். உண்மையில் ஏரியல் புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. இருக்கும் ஆற்றலைத் தட்டையாக்கி அடிவானத்தின் பக்கம் திருப்புகின்றது. 9 டெசிபெல் ஏரியலின் கதிர் மிக மெல்லிய தட்டுப் போன்றது. பெரிய கப்பலில் அது நன்று. அலையில் உருளும் சிறு படகிலோ, அத்தட்டு ஒருபுறம் வானையும் மறுபுறம் நீரையும் நோக்கும். குரல் வந்து வந்து மறையும். ஆதலின் சிறு படகுகளுக்கு, ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள 3 டெசிபெல் ஏரியலே ஏற்றது. அதனை எஞ்சியுள்ள இரும்புக் கம்பங்களிலிருந்து விலக்கி, எட்டக்கூடிய மிக உயர்ந்த இடத்தில் நிறுத்துக.

கேபிள் பற்றி மீனவர் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆனால் குறை மிகுதியாக உள்ள இடம் அதுவே. ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளில் 10 மீட்டர் தூரம் சென்றால், இவ்வதிர்வெண்ணில் ஆற்றலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே கழிந்துவிடும். கருவியில் புறப்பட்ட 25 வாட், ஏரியலை அடையும்போது ஏறத்தாழ 16 ஆகும். ஆர்.ஜி. 213 என்னும் தடித்த கேபிளாயின் ஏறத்தாழ 20 வாட் சென்று சேரும். வரும் குரலும் இதே அளவு தேய்கின்றது என்பதை மறக்கலாகாது. உப்புக்காற்றுப் பட்ட இணைப்பில் செப்பு பச்சை பூத்துவிட்டால் இக்கணக்கெல்லாம் பொய்யாகும். ஆகவே மேல் இணைப்பை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிரித்துப் பார்க்கவேண்டும். நிலையலை விகிதத்தை அளக்கும் மீட்டர் ஒன்று துறைமுகத்தில் பொதுவாக இருந்தால் மிக நன்று. அது 1.5க்குள் காட்டினால் 4 விழுக்காடு ஆற்றலே திரும்புகின்றது; கவலை வேண்டா. 3 காட்டினால் நான்கில் ஒரு பங்கு திரும்புகின்றது. அப்படகு புறப்படும் முன் ஏரியலையும் கேபிளையும் சோதிக்கவேண்டும்.

அடுத்து மின்சாரம். 25 வாட் கருவி பேசும்போது ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். பாட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்திற்கு, வீட்டு விளக்குக்குப் போடும் 0.75 சதுர மில்லிமீட்டர்க் கம்பியைப் போட்டிருந்தால், போக வர 10 மீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் குறையும். 12 வோல்ட் பத்தரையாகும். கேட்கும்போது நன்றாக இயங்கும் கருவி, பேசத் தொடங்கியதும் அணையும். இதனைக் கருவியின் பழுதென்று கருதிப் புதியது வாங்கியவர் உண்டு. 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு உண்டாகும். கம்பி வெள்ளீயம் பூசிய செப்பாயின் உப்பை நெடுநாள் தாங்கும்.

இனிச் செலவே இல்லாத ஒரு திருத்தம். கருவியில் இரைச்சலை அடக்குவதற்கென்று ஸ்குவெல்ச் என்னும் திருகு உண்டு. இரவில் உறக்கம் கெடாதிருக்க அதனை முழுதும் திருகிவைப்பது பலரின் வழக்கம். அவ்வாறு செய்தால் இரைச்சலோடு தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலும் அடைபட்டுப்போம். இரைச்சல் அப்போதுதான் நின்றது என்னும் இடத்தில் திருகை நிறுத்தவேண்டும். கரையில் நிற்கும் கருவியின் விலை எதுவாயினும், படகில் உள்ளவர் 16ஆம் சானலைக் கேட்டுக்கொண்டிராவிட்டால் எச்சரிக்கை சென்று சேராது. 156.8 மெகாஹெர்ட்ஸான அச்சானல் உலகெங்கும் ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. மீன் கிடைத்த கதை பேசுவதற்கு வேறு சானலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். பேச்சுப் பொத்தான் அழுந்தியபடி சிக்கிய ஒரு படகு, சுற்றியுள்ள அத்தனை பேரின் வாயையும் அடைத்துவிடும் என்பதையும் சொல்லிவைப்பது நல்லது.

சிலர், லாரிகளில் பயன்படும் 27 மெகாஹெர்ட்ஸ் குடிமக்கள் அலைவரிசைக் கருவி மலிவாகக் கிடைக்கின்றதே, அதனைப் படகில் வைத்தால் என்ன என்று கேட்கின்றனர். அமெரிக்காவில் 1958இல் இவ்வலைவரிசை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரி ஓட்டுநரிடையே பெரிதும் பரவியது. 1977இல் சானல்கள் 40 ஆயின. இந்தியாவில் 2005இல், 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குட்பட்ட கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி செய்யப்பட்டது. அமெரிக்கக் கருவியின் 40 சானல்களில் 27 மட்டுமே இவ்வெல்லைக்குள் அடங்கும். 28ஆம் சானலின் அதிர்வெண் 27.285 ஆதலின், அதுமுதல் யாவும் வெளியே. தேசிய நெடுஞ்சாலையில் பாறசாலையைக் கடந்து செல்லும் லாரிகள் தம்முள் பேசிக்கொள்ள இது உதவலாம். கடலுக்கு உதவாது. கால் அலைநீள ஏரியலே 2.75 மீட்டர் நீளமாகும். அதைவிட முக்கியமாக, கடலோரக் காவல் படையோ கப்பல்களோ அவ்வலைவரிசையில் செவிசாய்ப்பதில்லை. கேட்பார் இல்லாத இடத்தில் கூவுவதற்குக் கருவி எதற்கு?

கடல்சார் வி.எச்.எஃப். கருவி அவ்விலக்கில் அடங்காது. அதற்கு உரிமமும், கருவிக்கு வகை ஒப்புதலும் வேண்டும். இணையத்தில் வாங்குவோர் விளம்பரத்தில் அதிர்வெண் எது, உரிமம் தேவையா என்பதைப் பார்க்கவேண்டும். இவற்றைத் தெரிவிக்கவேண்டும் என்று விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் நெறிமுறை வகுத்துள்ளது. வள்ளத்துக்கு வாங்கும் கையடக்கக் கருவி நீரில் மிதப்பதாகவும், 1 மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 7 தரம் உடையதாகவும் இருத்தல் வேண்டும். விசைப்படகுக் கருவியில் சிவப்புப் பொத்தான் இருப்பின், அதனை அழுத்தினால் 70ஆம் சானலில் படகின் அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் இடமும் தாமே செல்லும். அவ்வெண்ணைப் பதிவு செய்யாமல் பொத்தானை மட்டும் நம்புவது பயனற்றது.

எல்லைக்கு அப்பால் செல்லும் தூத்தூர்ப் படகுகளுக்கு வழி வானத்தில்தான் உள்ளது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புவது. 2024இல் செயலுக்கு வந்த அதன் இரண்டாம் தலைமுறையில், செய்தி சேர்ந்தது என்னும் மறுமொழியும் படகுக்குத் திரும்பி வருகின்றது. தத்தளிப்பவருக்கு அம்மறுமொழி எத்துணைத் தெம்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், 13 கடலோர மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 1 லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கப்பெற்றது. இவை வி.எச்.எஃப். கருவிக்கு மாற்றல்ல. அருகில் உள்ள படகே முதலில் வந்து சேரும். அதனை அழைப்பதற்கு வி.எச்.எஃப். தான் உண்டு. கைப்பேசிக்குச் சிக்னல் உள்ள தூரத்திலிருப்போர் கடலோரக் காவல் படையின் 1554 என்னும் எண்ணையும் அழைக்கலாம்.

ஆசிரியர்கள் எட்டாம் வகுப்பின் வர்க்கமூலப் பாடத்தோடு இதனை இணைத்துக் கற்பிக்கலாம். கடற்கரைப் பள்ளியில் மாணவர் தம் தந்தையின் படகு ஏரியலின் உயரத்தை அளந்து வரட்டும். பின்வரும் கணக்கைக் கொடுக்கலாம்: 4 மீட்டர் ஏரியல் உடைய இரு படகுகள் 30 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒன்று மற்றொன்றோடு பேச இயலுமா? இயலாது, எல்லை 16.5 கிலோமீட்டரே. அதே உயர ஏரியல் உடைய மூன்றாம் படகு ஒன்று இடையில் எங்கே நின்றால் செய்தியை வாங்கிக் கொடுக்க இயலும்? ஒவ்வொன்றிலிருந்தும் 16.5 கிலோமீட்டருக்கு மிகாமல் நிற்கவேண்டும். ஆகவே முதற்படகிலிருந்து 13.5 முதல் 16.5 கிலோமீட்டர் வரையுள்ள 3 கிலோமீட்டர் நீளத்தில், இரு படகுகளையும் இணைக்கும் கோட்டின்மீது எங்கு நின்றாலும் போதும்.