கட்டக்கோரையில் ஒரு காது?

பாம்பன் பகுதிப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, கடலில் மூழ்கிப் பாசி பறிப்பதை இராமநாதபுரம் மாவட்ட மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பறிக்கும் பாசிகளுள் ஒன்று கட்டக்கோரை. அறிவியலார் இதனைச் சர்காசம் என்பர். பக்கோடாப் பாசி என்று இன்னொன்றும் உண்டு. உருவத்தைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்! இந்தப் பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினிக் அமிலத்தை, 1881-இல் ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலார் வெளிக்கொணர்ந்தார்.

உலர்ந்த பாசியை நீர்த்த அமிலத்தில் கழுவி, சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் சோடியம் ஆல்ஜினேட் கரைந்து வரும். துணிகளில் பூவேலை அச்சிடும் சாயப் பசையில் இது சேர்கிறது. பல் மருத்துவர் பல்லின் அளவெடுக்கக் குழைக்கும் மாவிலும் இருக்கிறது. இப்போது இதைக் கொண்டு உடல் உறுப்பையே அச்சிட முடியுமா என்று ஆராய்கிறார்கள்.

ஏன் என்பதை ஒரு சோதனையால் அறியலாம். 100 மி.லி. நீரில் 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைக் கரையுங்கள், கஞ்சிபோல் ஆகும். வேறொரு முகவையில் 100 மி.லி. நீரில் 2 கிராம் கால்சியம் குளோரைடைக் கரையுங்கள். ஆசிரியர் உடனிருக்க, முதல் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இரண்டாவதில் விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்தவுடனே ஜவ்வரிசி போன்ற மணியாகிவிடும்.

நடந்தது என்ன? ஆல்ஜினேட் ஒரு பலபடி, அதாவது பாலிமர். இருவகைச் சர்க்கரை அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. சோடியம் அயனிக்கு மின்சுமை ஒன்று, கால்சியத்திற்கு இரண்டு. எனவே கால்சியம் இரு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கவனியுங்கள், இதற்குச் சூடே தேவைப்படவில்லை!

பிறவியிலேயே வெளிக்காது சரியாக அமையாத குழந்தைகள் உண்டு. விலா எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பை வெட்டி, காதுபோல் செதுக்கிப் பொருத்துவது வழக்கம். காதுக்காக மார்பிலும் ஒரு காயம். அதற்குப் பதிலாக, குழந்தையின் செல்கள் சிலவற்றை வளர்த்து, ஆல்ஜினேட் கூழில் கலந்து, கணினி இயக்கும் ஊசியின் வழியே இடியாப்பம் பிழிவதுபோல் அடுக்கடுக்காகப் பிழிந்தால்? முப்பரிமாண அச்சில் பயன்படும் சாதாரண பிளாஸ்டிக்குகள் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசில் உருகுபவை. அதில் செல்கள் மாண்டுபோகும். கால்சியத்தால் இறுகும் பாசிக்கூழில் அவை பிழைத்திருக்கும்.

ஆனால் நம் மணிகளைச் சமையல் உப்புக் கரைசலில் ஓரிரு நாள் ஊறவைத்து அழுத்திப் பாருங்கள். பருத்து, மென்மையாகியிருக்கும். சோடியம் மெல்ல நுழைந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. நம் இரத்தத்திலும் உப்பு உண்டல்லவா? உடலுக்குள்ளும் இதே தொல்லைதான். தவிர, ஆல்ஜினேட்டைச் சிதைக்கும் நொதி மனித உடலில் இல்லை. பெரும்பாலான செல்கள் இதில் ஒட்டிக்கொள்ளவும் மறுக்கின்றன. இதற்காக ஜெலட்டினைக் கலக்கிறார்கள்; வலுவுக்கு, சுமார் 60 டிகிரியிலேயே உருகும் பாலிகேப்ரோலாக்டோனால் சட்டம் அமைக்கிறார்கள். குருத்தெலும்புச் செல் மட்டும் உருண்டையாக இருந்தே வாழக்கூடியது. அதனால்தான் ஆய்வாளர்களின் கண் முதலில் குருத்தெலும்பின்மேல் விழுந்தது.

உடலுக்குள் பாலிமரை வைப்பது புதிதன்று. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கிய இதய வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் தட்டு ஒருவகைப் பாலிஎத்திலீன். ஆனால் வால்வு ஆயுள் முழுதும் மாறாமல் இருக்கவேண்டும். காதின் கூழோ, செல்கள் தம் குருத்தெலும்பைக் கட்டக் கட்ட விலகி வழிவிடவேண்டும். இரண்டாவதே கடினம் என்பது என் எண்ணம்.

2022-இல் அமெரிக்காவில், நோயாளியின் சொந்தச் செல்களைக் கொண்டு அச்சிட்ட காது சோதனை முறையில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. அந்த மையின் அடிப்படை கொலாஜன் என்னும் புரதம். பாசிக்கூழ் அந்த நிலையை எட்ட, சாயப் பசைக்குப் போதுமான தூய்மை போதாது. கரை மணலில் உலரும் கட்டக்கோரையோடு வரும் மணலும் உலோகங்களும் பாக்டீரியா நச்சுகளும் முற்றிலும் நீக்கப்படவேண்டும்.